கடலுக்கு வைத்த பொட்டு

காலை பத்து இருபதுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. அப்போது என் மோதிர விரல் நுனியில் குங்குமம் இருந்தது. ஆயுத பூஜை நாள். கார், ஸ்கூட்டர், மிக்சி, அரிவாள்மனை, ஆபீஸ் லேப்டாப் என்று வீட்டில் உழைக்கிற எதையும் விடாமல் பொட்டு வைத்து முடித்திருந்தேன்.

“அப்பா, பெங்களூர்ல ரயில் ஏறிட்டேனுங்க. சாயந்தரம் வந்துருவேன். என் ரூம்ல போன தடவை வெச்சுட்டு வந்த பெட்டி இருக்குது பாருங்க, அதை யாரும் தொட்டுப்போடாதீங்க. கை பட்டாலே எண்ணெய் ஒட்டிக்கும், அப்புறம் சோதனை தப்பாப் போயிரும்.”

“சரி கண்ணு,” என்றேன்.

ஆனால் பெட்டி அதற்கு முன்பே காலியாகிக் கிடந்தது. அதிலிருந்த கறுப்புக் கற்களை அலுமினியத் தாளிலிருந்து பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, அவளுடைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் இட்டாயிற்று. அவள் ஆராய்ச்சியே அந்தக் கற்கள்தான். புத்தகத்துக்கு வைத்துவிட்டுக் கல்லை விட மனம் வரவில்லை.

அவை இமயமலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் அவளே உடைத்து எடுத்தவை. சுமார் இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அவை கடலடிச் சேறு. உலகம் சூடேறி, கடல் உயிர்களில் பெரும்பாலானவை அழிந்துபோன காலம் அது. கடலில் குறைந்துபோன ஆக்சிஜன், அந்த அழிவுக்குப் பிறகும் நெடுங்காலம் தேறவில்லையாம். புழுக்கமான நாளில் குளத்து மீனெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருமே, அது கடல் கடலாக நடந்ததென்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்தத் திணறலின் தடயம் கல்லுக்குள் துளித் துளியாக இருக்கிறது. அதன் மேல்தான் நான் பொட்டு வைத்திருந்தேன்.

சோதனை கெட்டால் பட்டம் தள்ளிப் போகும், போகட்டும். என் பயம் வேறு. கற்கள் வீணானால் அவள் மறுபடி அங்கே போக வேண்டும். போன முறை அவள் போன் எட்டாத இடத்தில் இருந்த நாட்களில், நான் மலைச்சரிவு வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்து, சோற்றில் கை வைக்காமல் எழுந்திருக்கிறேன். அந்தப் பாதைகளில் ஜீப் போகும்போது ஒரு சக்கரம் ஆகாயத்தில் இருப்பதுபோலத் தோன்றும்.

துணியை எடுத்தேன். மனைவி சமையலறையிலிருந்து சுண்டல் கரண்டியோடு வந்தாள்.

“ஏனுங்க, தொடைச்சது பத்தாதுன்னு மறுபடி தொடைக்கறீங்களா?”

“பொட்டை மட்டும் எடுத்துரலாம்னு.”

“சாமிக்கு வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கோணும். அரிவாள்மனைக்கு வெச்சீங்க, சரி. கல்லு உங்களை வந்து கேட்டுதாக்கும்?”

“புள்ளை படிக்கற கல்லும்மா.”

“அப்ப புள்ளைகிட்டயே சொல்லுங்க.”

எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவியே என் போனை வாங்கி, பூஜை மேசையைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டாள். மாலை, பொரி, வாழைப்பழம், நடுவே நெற்றி நிறையப் பொட்டோடு பழங்காலக் கடல். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை.

அன்று மதியம் வடை எத்தனை தின்றேன் என்று நினைவில்லை. பயத்தில் எனக்குப் பசி போவதும் உண்டு, கூடுவதும் உண்டு. காருக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்காமலே வண்டியெடுக்கப் பார்த்ததாக மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். எங்கே கிளம்பினேன் என்றுதான் எனக்கே தெரியவில்லை. இப்போதும் மகள் பெயர் போனில் மின்னினால் முதலில் என் விரலைப் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. மகள் பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகப் பூஜை மேசைக்குப் போனாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் அம்மாவும் இந்த முறை எடுக்காதே என்று சொல்லவில்லை.

“இந்தச் சின்னது போச்சுங்கப்பா. ஈரம் நடு வரைக்கும் எறங்கியிருக்கும். பெருசுக்கெல்லாம் மேல்பக்கம் அறுத்துப் போட்டுட்டு உள்ள இருக்கறதை எடுத்துக்கலாம். அப்புறம் அந்தச் சந்தனம், குங்குமம் ரெண்டுலயும் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் குடுங்க.”

“அது எதுக்கு கண்ணு?”

“அதையும் மெஷின்ல ஓட்டிப் பாக்கோணும். எது கடல்ல இருந்து வந்தது, எது உங்க விரல்ல இருந்து வந்ததுன்னு பிரிக்கோணுமில்லீங்க?”

சிரிக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்க நினைத்ததை உடனே கேட்டுவிட்டேன்.

“அப்ப நீ திரும்ப அங்க போக வேண்டாமில்ல?”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“இதெல்லாம் நல்லாவே இருந்திருந்தாலும் அடுத்த வருசம் போறதுதானுங்கப்பா. இந்தக் கல்லுக்கு மேல இருக்கற பாறை அடுக்குல, கடலுக்கு எப்ப மூச்சு திரும்ப வந்துச்சுன்னு இருக்குது. அதைப் பாக்காம எப்படிங்க விடறது?”