பால் காய்ச்ச ஒரு பெரியம்மா: காட்பாடியிலிருந்து சந்தாபுரா வரை

பொங்கல் முடிந்த வாரம் ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பெயர் ஸ்டெல்லா. பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்கள் வழக்கமாக எந்த ஊரில் எந்த லாட்ஜ் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு. "நீங்கள் எப்போதும் தனியாகவே சுற்றுவதாக எழுதுகிறீர்கள். ஒரே ஒரு நாள், ஒரு பெண்ணுக்குப் பெரியம்மாவாக வர முடியுமா?"

வீடில்லாமல் தெருவுக்கு வந்துவிட்ட தாய்மாரையும் பிள்ளைகளையும் தங்கவைக்கும் இல்லம் ஒன்றை அவரும் சர்ச் தோழிகள் சிலரும் நடத்துகிறார்கள். சில மாதங்கள் அங்கே தங்கி, ஒரு வேலை தேடிக்கொண்டு, பிறகு வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை. புருஷன் கூட இல்லாமல் குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு யாரும் லேசில் வீடு விடுவதில்லை. விடுகிறவர்களும், பால் காய்ச்சுகிற அன்று யார் யார் வருகிறார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பார்கள். சொந்தம் என்று ஒருத்தராவது போய் நின்றாக வேண்டும்.

உடனே சரி என்று பதில் போட்டேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். என் கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. அந்தப் பொங்கலுக்கு வேலூரில் என் வீட்டு வாசலில் பெரிதாகக் கோலம் போட்டுவிட்டு, அதை நானே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது கிளம்பினால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை காலை காட்பாடியில் ரயில் ஏறினேன். பெங்களூர் கன்டோன்மென்ட் வரை ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீட்டர், நான்கு மணி நேரம். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 115 ரூபாய் ஆனது. பாத்திரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்ததால், பரணிலிருந்த குக்கர், அண்டா, நாலு தட்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டியிருந்தேன். எதிர் சீட்டுக்காரர் "கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் சொல்ல வேண்டிய பொய்க்கு அது நல்ல பயிற்சி.

ஸ்டேஷனிலிருந்து காக்ஸ் டவுன் மூன்று கிலோமீட்டர்தான். மீட்டர் போடச் சொன்னதும் ஆட்டோக்காரர் என்னைப் பாசத்தோடு பார்த்துவிட்டு எண்பது ரூபாய் என்றார். இல்லத்துக்கு வெளியே பலகை கிடையாது. தேடி வரும் கணவன்மார்களுக்கு விலாசம் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி.

அங்கேதான் அமுதாவைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோலார் தங்கவயல்காரர். ஏழு வயது மகள் ஜனனி அம்மாவின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றது. ஸ்டெல்லா எங்களை எதிரெதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். என் தங்கை பெயர் சகுந்தலா, அவள் மகள் அமுதா. எனக்குத் தங்கையே இல்லை. ஒரு மணி நேரத்தில் தங்கை கிடைத்து, அவள் இறந்தும் போய், அவள் மகளுக்கு நான் பொறுப்பாகியிருந்தேன்.

"போன மாசம் இவளுக்கு ஹெப்பகோடியில ஒரு வீடு பார்த்தோம் மேடம்," என்றார் ஸ்டெல்லா. "புத்தி இல்லாம எங்க வேன்லயே சாமான ஏத்திட்டுப் போயிட்டோம். வேன் மேல இல்லத்துப் பேரு இவ்ளோ பெருசா எழுதியிருக்கு. பால் பொங்கறதுக்குள்ள ஓனர் அட்வான்ஸை எடுத்துட்டு வந்து திருப்பிக் கையில குடுத்துட்டாரு. அதனால இந்தத் தடவை பஸ்."

இந்தத் தடவையும் தவறினால் அமுதாவுக்கு வேறு வழியில்லை. ஹெப்பகோடியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. காக்ஸ் டவுனிலிருந்து அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. இல்லத்தில் அவளுடைய கட்டிலுக்கு, கைக்குழந்தையோடு இன்னொரு தாய் காத்திருந்தாள்.

வெளியாட்கள் இல்லத்தில் தங்கக் கூடாது என்பதால் எனக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், 900 ரூபாய். சாயங்காலம் சர்ச் ரோடு முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குத் திரும்பி, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து, டிவியைப் போட்டேன். அதில் கன்னடச் செய்தி ஓடியது. புரியாவிட்டாலும் பேச்சுக்குரல் கேட்டால் போதும் என்று அணைக்காமல் விட்டேன். தனியாகப் பயணம் போவதன் சுதந்திரத்தைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும் அல்லவா?

ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் அமுதாவும் ஜனனியும் கிளம்பினோம். மற்றவர்கள் கொடுத்த சாமானும் சேர்ந்து சாக்கு மூட்டை மூன்று. மார்க்கெட்டில் இறங்கி அத்திபெலே போகும் பஸ் பிடித்தோம். வீடு பார்த்திருந்தது ஹெப்பகோடிக்கு அடுத்த ஊரான சந்தாபுராவில்; அதுவரை மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கர்நாடகத்துப் பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால், கண்டக்டர் அமுதாவின் ஆதாரைப் பார்த்து இலவச டிக்கெட் கிழித்தார். என்னுடையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தமிழ்நாடு, டிக்கெட் தகோளி அம்மா," என்று டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். தங்கை மகள் ஓசி, பெரியம்மாவுக்கு முப்பது ரூபாய்.

சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும்தான் அமுதா வாய் திறந்தாள். "இல்லத்துக்கு வர்றதுக்கு முன்னாடி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல இருந்தோம். பஸ்ஸுக்குக் காத்துட்டு இருக்கிற மாதிரியே உக்காந்திருப்போம். போலீஸ் கேட்டா ஏதாச்சும் ஒரு ஊர் பேரைச் சொல்லுவேன். ஜனனியும் மனப்பாடம் பண்ணிக்கிச்சு." ஊர் பெயர்களை எல்லாம் ஆசையாகச் சேர்த்து வைக்கிறவள் நான்.

வீடு சந்தாபுரா சர்க்கிளிலிருந்து பத்து நிமிட நடை. மாடியில் வரிசையாக நாலு அறைகள். அமுதாவுடையது கடைசி. வீட்டுக்காரம்மா பெயர் பாக்யம்மா, கீழே குடியிருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். கன்னடமும் தமிழும் மாறி மாறி வந்தன. பத்தரைக்கு நல்ல நேரம். அமுதா அடுப்பை மூட்டினாள். பால் நன்றாகவே பொங்கியது. வழக்கப்படி முதல் டம்ளரை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். பிறகு டம்ளரைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார்.

எவர்சில்வர் வாங்கினால் பெயர் வெட்டாமல் விடுகிற தமிழர் யார்? வேனை நினைத்து நினைத்துத் திட்டம் போட்ட எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. பாக்யம்மா ஓசூரில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"பிரான்சிஸ் மேரி," என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாரும்மா இவங்க?"

"எங்க வீட்டுக்காரரோட சிநேகிதர். கல்யாணத்துக்குக் குடுத்தது," என்றேன்.

அவர் பால் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "வசந்தா?"

"நாத்தனார்."

ஒரு தட்டை எடுத்தார். "முருகேசன், சீர்?"

முருகேசனை யாராக்குவது என்று நான் யோசிப்பதற்குள் அமுதா அடுப்பை அணைத்தாள். "போதும்க்கா. இவங்க என் பெரியம்மா இல்ல. நேத்துதான் பார்த்தேன். சாமானெல்லாம் நாலு பேரு குடுத்தது. நானும் பாப்பாவும் இல்லத்துல இருந்து வர்றோம். எனக்குன்னு யாரும் இல்ல." அழவில்லை. சாக்கை எடுத்து மடித்து, பாத்திரங்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். ஜனனி ஓடிப்போய் தன் செருப்பைப் போட்டுக்கொண்டது. கிளம்பச் சொல்வதற்கு முன்பே கிளம்பப் பழகிய குழந்தை அது.

பாக்யம்மா எழுந்திருக்கவில்லை. "இல்லத்துல இருந்தா என்னா? நான் அதையா கேட்டேன்?" என்றார். "உனக்கு முன்னாடி இந்த ரூம்ல ஒரு பொண்ணு தனியா இருந்துச்சு. ஜுரம் வந்து உள்ளாறயே கெடந்துருக்கு. கதவு தட்டித் தட்டிப் பார்த்து, ஒடச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். யாருக்குப் போன் பண்றதுன்னு டாக்டர் கேக்கறாரு, எனக்குச் சொல்லத் தெரியல. அதிலேருந்து எனக்குப் பயம். யாரு இருக்காங்கன்னு கேட்டது அதுக்குத்தான்."

அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வேலூரில் என் வீட்டுக் கதவை உடைத்தால் யாருக்குப் போன் போகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

பாக்யம்மா என் பக்கம் திரும்பினார். "நெஜ பெரியம்மாவோ பொய் பெரியம்மாவோ, மாசம் ஒருக்கா வந்து இதுங்களை எட்டிப் பாப்பீங்களா? சும்மா ஆயித்து, சரின்னு சொல்லிட்டுப் போயிடக் கூடாது. வருவீங்கன்னா ரூம் இருக்கட்டும்."

அமுதா என்னைப் பார்க்கவில்லை. யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவளின் முகம் அது. "வருவேன்," என்றேன். பாக்யம்மா மிச்சப் பாலைக் குடித்துவிட்டு, ஜனனியிடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

இப்படி உதவ நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெங்களூர்தான் என்றில்லை, உங்கள் ஊரிலேயே இத்தகைய இல்லங்கள் இருக்கும். முதலில் போனில் பேசுங்கள். ஆண்கள் வாசலோடு நிற்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாய், குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். இந்தப் பதிவில் படம் ஒன்றும் இல்லாததும், பெயர்கள் மாற்றப்பட்டிருப்பதும் அதனால்தான். பழைய துணியைவிடக் கேஸ் அடுப்பு, பக்கெட், பாய், போர்வை ஆகியவை தேவை. எல்லாவற்றையும்விட ஆள் தேவை. ஆனால் ஒரு நாள் வேஷம் கட்டுவதென்றால் போகாதீர்கள். தொடர்ந்து போக முடியும் என்றால் மட்டும் சொந்தம் கொண்டாடுங்கள்.

என் கதையைக் கேட்டால், அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டேன். இந்த வலைப்பதிவில் புது ஊர்கள் குறைந்துவிட்டன என்று சிலர் கேட்டிருந்தீர்கள், காரணம் இதுதான். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முந்தின நாள் அமுதா போன் செய்கிறாள். அதிகம் பேச மாட்டாள். "எத்தினி மணிக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்பாள். கணவர் இறந்த பிறகு இமயமலை வரை போய்விட்டு வந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.