வால் சுருண்ட எழுத்து

நான் வீட்டில் செய்து விற்கும் சவர்க்காரத்துக்கு லேபிள் வேண்டியிருந்தது. குனோங் ராபாட் ஊரில் உள்ள அச்சுக்கடையில், அங்கே வேலை செய்யும் தேவி கணினியில் எழுத்துருக்களைக் காட்டினாள். ஒன்றில் எழுத்துகளின் வால் கொடிபோல் சுருண்டிருந்தது. அம்மா அப்படித்தான் எழுதுவாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட, நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். லாரியில் ஏற்றும் பெட்டிகளில் அம்மா சிவப்புப் பெயிண்டால் எங்கள் பெயர்களை எழுதினாள். ஒரு பெட்டியில், அதே வால் சுருண்ட எழுத்தில், தங்கை மாலாவின் பெயர். முந்தின மாதம்தான் அவள் காய்ச்சலில் இறந்திருந்தாள்.

"அவ துணிய யாரு போடப் போறா? விட்டுட்டுப் போலாம்லா," என்றார் அப்பா.

"பேரு எழுதிட்டேன். ஏத்துங்க," என்றாள் அம்மா.

அப்பா ஏற்றினார். நான் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தேன். அழுகை வரவில்லை. ஈரப் பெயிண்ட் பாவாடையில் ஒட்டியது.

"அக்கா, இந்தச் சுருண்டதுதான் அழகா இருக்கு. எடுத்துக்கலாமா?" என்றாள் தேவி.

"வேணாம்லா. நேரா இருக்குறதக் காட்டு," என்றேன்.