ராகு காலத்துக் கார்

ஜெயங்கொண்டத்தில் கேபிள் டிவி நடத்திய அண்ணாதுரைக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தை நம்புகிறவர்கள்மீது மட்டும் அபார நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணி வரை ஊரில் ஒருவரும் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். கிளம்பாதவர்கள் வீட்டில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்கள் டிவியைத்தான் பார்க்க வேண்டும். இப்படி யோசித்து, தன் லோக்கல் சேனலில் போடுகிற நல்ல சரக்கையெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கே ஒதுக்கிவைத்தார்.

1997இல் அவர் திருச்சிக்குப் போய் ஒரு கட்டு கேசட் வாங்கிவந்தார். ஒரு காரில் ஏறி முந்தின காலத்துக்கும் பிந்தின காலத்துக்கும் போய்வருகிற இங்கிலீஷ் படம் ஒன்று அப்போது உலகம் பூராவும் பிரபலம். அதன் பாகங்களை ஏற்கெனவே போட்டு ஊரில் நல்ல பேர் வாங்கியிருந்தார். ‘இது யாரும் பார்க்காத புதுப் பாகம்’ என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, ஆட்டோவில் மைக் கட்டி மீன்சுருட்டி ரோடு வரைக்கும் விளம்பரம் செய்தார். ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்கிற நல்ல புத்தி மட்டும் அவருக்கு வரவில்லை.

ஞாயிறு நாலரைக்குக் கேசட்டைச் சொருகினார். வந்தது பொம்மைப் படம். படம் எடுத்தவர்கள் அதே கதையை டிவிக்காகக் குழந்தைகள் தொடராக வரைந்து விட்டிருக்கிறார்கள். அதே விஞ்ஞானிக் கிழவர், அதே கார், கூட ஒரு நாய், எல்லாம் கோட்டுச் சித்திரமாகத் துள்ளிக் குதித்தன. பேசியதோ யாருக்கும் பிடிபடாத வேகத்தில் இங்கிலீஷ். அண்ணாதுரையின் வீட்டு ஃபோன் அலறத் தொடங்கியது. அடுத்த தெருவில் புதிதாகக் கேபிள் இழுத்திருந்தவனிடம் போய்விடுவோம் என்று சொன்னவர்கள்தான் அதில் மரியாதையாகப் பேசியவர்கள்.

அப்போது அவர் வீட்டில் மலர்கொடி இருந்தாள். பக்கத்து வீட்டு முருகையனின் மகள். காலையில் ஷெட்டில் முந்திரிக்கொட்டை உடைப்பாள். சாயங்காலம் அண்ணாதுரையின் சேனலில் பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து அழைப்பு, இரங்கல் எல்லாம் வாசிப்பாள். அவள் அடுப்படியில் பேசினால் தெருவில் போகிறவன் நின்று பதில் சொல்வான். அப்படி ஒரு குரல். ஃபோனையும் அண்ணாதுரையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவள், டெக்கிலிருந்து சத்தம் வரும் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மைக்கைச் சொருகினாள்.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ், பத்தாம் வகுப்பில் அவள் காலை வாரிவிட்ட இங்கிலீஷ்தான். ஆகவே மொழிபெயர்ப்பு என்கிற தொல்லையே இல்லாமல் போயிற்று. கிழவரை ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆக்கினாள். நாய்தான் அந்த வீட்டில் விவரம் தெரிந்த ஒரே ஆள் என்றாள். கார் டைனோசர்களுக்கு நடுவில் போய் இறங்கியதும், இது சிமென்ட் ஃபாக்டரி வருவதற்கு முந்தின அரியலூர், இப்போதைவிடத் தூசி கம்மி என்று விளக்கினாள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் நிஜ மனுஷர் ஒருவர் வந்து கண்ணாடிக் குவளைகளில் எதையோ கலந்து ஏதோ சோதனை காட்டுவார். மலர்கொடி அதை ரசம் வைக்கும் செய்முறை ஆக்கிவிட்டாள். ஆறு மணிக்கு மறுபடி ஃபோன் அடித்தது. ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடணுமா, அரைத்துப் போடணுமா என்று ஒரு அம்மாள் கேட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு நாலரை மலர்கொடியுடையது. கேசட்டுகள் தீர்ந்ததும் அண்ணாதுரை முதலிலிருந்து போட்டார். அவள் அதே படத்துக்கு வேறு கதை சொன்னாள். பெயர் மட்டும் எங்கேயும் போடவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயர் டிவியில் வந்தால் யாரும் வாசல் ஏற மாட்டார்கள் என்று அம்மா மருதாயி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். குரலுக்கு என்ன முக்காடு போடுவது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை திருமுருகன், உரக்கடையில் வேலை. அவன் அம்மா ஜெகதாம்பாளுக்கு வாய் பேசாத மருமகள் வேண்டுமாம். மூத்த மருமகள் பேசிப் பேசியே தனிக்குடித்தனம் போய்விட்டாளாம். மருதாயி கொஞ்சமும் கூசாமல், என் மகள் வாயில்லாப் பூச்சி என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள். இதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப்போயிருந்தன. இது போனால் இனி யாரும் வர மாட்டார்கள் என்று வீட்டில் பேச்சு. மலர்கொடிக்கும் ஃபோட்டோவில் இருந்த திருமுருகனைப் பிடித்திருந்தது. இப்போதே சிரிக்கப் போகிறவன் மாதிரி ஒரு முகம். அந்த ஃபோட்டோவை அவள் ஒரு தடவைக்கு மேல் எடுத்துப் பார்த்தாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. அந்த வாரம் கார்ட்டூன் இல்லை, ஏதாவது பழைய படத்தைப் போட்டுக்கொள் என்று அண்ணாதுரையிடம் சொல்லியாயிற்று. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் பஞ்சர். அவர்கள் வீட்டு வாசலை மிதித்தபோது நாலரை அடிக்க ஒன்றிரண்டு நிமிஷம்தான் பாக்கி. கால் வைத்தது நல்ல நேரம், பெண் பார்ப்பது ராகு காலம் என்று ஆகிவிட்டது. பார்க்கவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. ஆறு மணி வரை பஜ்ஜி தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பது என்று முடிவாயிற்று.

கொல்லைப்பக்கம் அண்ணாதுரையின் தலை தெரிந்தது. ஃபோன் ஓயவில்லை என்றும், கார் எங்கே என்று ஊரே கேட்கிறது என்றும் புலம்பினார். மலர்கொடி யோசித்தாள். ஆறு மணி வரை தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ராகு காலத்தில் புதிதாகத்தான் எதையும் தொடங்கக் கூடாது; தொடங்கி ஒரு வருஷம் ஆனதைத் தொடரலாம். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாகக் கொல்லைச் சுவரை ஏறிக் குதித்தாள்.

அன்றைய கேசட்டில் ஒரு கோட்டை, ஒரு இளவரசி, இரும்புச் சட்டை போட்ட வீரர்கள். மலர்கொடி மைக்கைப் பிடித்தாள். இது கங்கைகொண்ட சோழபுரம் என்று ஆரம்பித்தாள். இரும்புச் சட்டைக்காரன் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. குதிரை பஞ்சரானதால் லேட். ராகு காலத்தில் மாட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றவும் முடியாமல் சொறியவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் அம்மா ஒவ்வொரு பஜ்ஜியாக எடுத்து, எண்ணெய் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்கிறாள். அடுப்படிக் கதவிடுக்கில் பார்த்ததையெல்லாம் அப்படியே எடுத்துவிட்டாள். தன் வீட்டு டிவி அணைந்துதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் சும்மா உட்கார்ந்திருந்து அலுத்துப்போன ஜெகதாம்பாள், அந்தப் பெட்டியைத்தான் போடுங்களேன் என்று கேட்டிருந்தார். சம்பந்தி ஆகப் போகிறவர் கேட்டதை மறுக்க முடியாமல் மருதாயி போட்டாள். போட்டதும் அவளுக்கு வேர்த்துவிட்டது. ஜெகதாம்பாளுக்கோ ஒரே கொண்டாட்டம். இரும்புச் சட்டைக்காரன் சொறியத் தவித்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் பெற்ற பெண்ணோ, என்ன வாய் என்று வியந்தார். திருமுருகன் புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தான். குதிரைக்குப் பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் ஜெகதாம்பாளுக்குச் சிரிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது. எண்ணெய் சரியில்லை என்கிற இடத்தில் சுத்தமாக நின்றது. கையில் இருந்த பஜ்ஜியைப் பார்த்தார். பிறகு மருதாயியைப் பார்த்தார். பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார்.

ஆறு மணிக்குச் சுவர் ஏறி வந்த மலர்கொடியை மருதாயி அடுப்படியில் பிடித்துக்கொண்டாள். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள், ஆனால் யார் குரல் என்று உறுதியாகத் தெரியாது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். “தொண்ட கட்டிருக்குன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. தொறந்தாலும் காத்துதான் வரணும். இந்த ஒரு நாளு, ஒரே ஒரு நாளு.” காபித் தட்டை எடுத்து மகள் கையில் திணித்தாள்.

மலர்கொடி தட்டோடு போய் நின்றாள். பெண் ஊமையா இல்லையா என்று பார்க்க ஒரு வார்த்தை பேசவைப்பது வழக்கம். எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் ஜெகதாம்பாளும் கேட்டார். “ஒன் பேரு என்னம்மா?”

தொண்டைக்கட்டு என்று மருதாயி தொடங்கினாள். பேரைச் சொல்ல எவ்வளவு தொண்டை வேண்டும் என்று ஜெகதாம்பாள் மடக்கினார். மலர்கொடி நிமிர்ந்து திருமுருகனைப் பார்த்தாள். ஃபோட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தான். சிரித்த ஈரம் இன்னும் கண்ணோரத்தில் இருந்தது. இவனைச் சிரிக்கவைத்தது நான்தான் என்று அவளுக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. கிசுகிசுத்தால் இவன் கிடைப்பான். ஆனால் கிடைத்த பிறகு அவன் எதிரிலேயே ஆயுசு பூராவும் கிசுகிசுத்துக்கொண்டிருக்க வேண்டும். இது ஒரு நாள் விஷயம் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை.

“மலர்கொடிங்க” என்றாள், தெருவுக்கே கேட்கிற தன் சொந்தக் குரலில். “எண்ணெ நல்ல எண்ணெதாங்க. பயப்படாம சாப்புடுங்க.”

திருமுருகன் குபீரென்று சிரித்தான். ஜெகதாம்பாள் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் சிரிப்பை அப்படியே விழுங்கி, தலையைக் குனிந்து காபியை ஆற்றத் தொடங்கினான். மலர்கொடிக்கு வலித்தது அந்த இடத்தில்தான். வேண்டாம் என்று அவர்கள் சொல்லப்போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மருதாயி மகளோடு ஒரு வாரம் பேசவில்லை. மலர்கொடி வாரம் பூராவும் கொட்டை உடைத்தாள். கை கறுத்தது, கண் சிவந்தது, கேட்டவர்களிடம் முந்திரிப் பால் தெறித்தது என்றாள்.

அடுத்த ஞாயிறு நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் ஜெகதாம்பாள் தனியாக ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். சந்தைக்கு வந்தாராம். சந்தை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விக்கிரமங்கலத்தில் அப்போது கேபிளும் கிடையாது. நேராக அண்ணாதுரை வீட்டுக்குப் போய், தண்ணீர் கொடுங்கள் என்று உட்கார்ந்தவர் ஆறு மணிக்குத்தான் எழுந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது ஞாயிறு முறுக்கு கொண்டுவந்தார். “வாங்க அத்தை” என்று மலர்கொடி வேண்டுமென்றே கூப்பிட்டாள். அவர் மறுக்கவில்லை. கோபமா என்றும் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

திருமுருகனுக்கு மீன்சுருட்டியில் பெண் எடுத்தார்கள். மெதுவாகப் பேசும் பெண். அவளும் தனிக்குடித்தனம் போனாள், மெதுவாகவே. மலர்கொடிக்கு வரன் வருவது நின்றுபோனது. ஊர் பரிதாபப்பட்டது, பரிதாபப்பட்டவர்களின் பெயரெல்லாம் அடுத்த ஞாயிறு கார்ட்டூனில் வந்தது. ஆனாலும் மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து, புருஷனும் பெண்சாதியுமாக வண்டியில் போகிறவர்களைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு கனக்கத்தான் செய்தது. அதை அவள் மறைத்ததும் இல்லை, அதற்காக அழுதுகொண்டு உட்கார்ந்ததும் இல்லை.

2001இல் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அடுத்த வருஷமே பழையபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். இத்தனை வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், இவ்வளவு சீக்கிரம் எனக்கே ரிவர்ஸ் விழுந்ததில்லை என்று அந்த ஞாயிறு கிழ வாத்தியார் வாயைப் பிளந்தார். மனுவைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்று நாயிடம் யோசனை கேட்டார். 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆயிற்று. வாத்தியாருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும் என்று ஊரே நாலரைக்குக் காத்திருந்தது.

அந்த ஞாயிறு மழை. ஜெகதாம்பாள் முக்காட்டைப் பிழிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். இப்போது விக்கிரமங்கலத்திலும் கேபிள் வந்திருந்தது. இந்தச் சேனல்தான் அங்கே வரவில்லை. மலர்கொடி கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தேய்ந்துபோய்ப் படத்தில் காருக்கு ஒரு சக்கரம் தெரிவதே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு ஜெகதாம்பாள் கேட்டார்.

“அந்தக் காரு நெசமாவே கெடச்சா நான் எங்க போவேன் தெரியுமா? ஒங்க வூட்டுக்குத்தான். அந்த ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு. நான் பேரே கேக்க மாட்டேன். கையப் புடிச்சி அப்படியே அழச்சிட்டுப் போயிருவேன்.”

மலர்கொடி கேசட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

“நீங்க கேக்காட்டியும் நான் சொல்லிருப்பேன் அத்தை. இதே சத்தத்துலதான்.”

ஜெகதாம்பாள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினார். “தெரியும். நாலர ஆவுது பாரு, ஊரு காத்துக்கிட்டு இருக்கும். மைக்கப் போடு” என்றார்.