சந்தனம் படாத வளையம்

ஊட்டிக்குப் போனேன், காசிக்குப் போனேன் என்று ஆளாளுக்குப் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது மந்தைவெளியிலிருந்து அடையாறு. அங்கிருந்து தி. நகர், அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, மறுபடியும் அடையாறு. எல்லாம் சேர்த்து முப்பது கிலோமீட்டர் தேறினால் அதிகம். ஆனால் ஒரே நாளில், ஆயுத பூஜைக்கு முந்தின நாளில், கையில் ராணுவ டேங்குக்கான சாமானோடு போய்ப் பாருங்கள், காசி எவ்வளவோ பக்கம் என்று தோன்றும்.

காலை ஒன்பது மணிக்கு மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கி ஏறினேன். மடியில் ஒரு பார்சல், அதற்குள் மூன்று கறுப்பு ரப்பர் வளையங்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்.

அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி செந்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் டேங்க் படையில் இருக்கிறான். பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுகிற ஆள். அவன் உட்காருகிற டேங்க் வெளிநாட்டில் வாங்கியது. வயசாகிவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? எஞ்சினை மாற்றி, இருட்டிலும் பார்க்கிற புதுக் கருவியைப் பொருத்தி, பழைய உடம்புக்குப் புது உயிர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கருவியும் வெளிநாட்டுச் சரக்குதான். அது டேங்கின் கூரையில் பொருந்துகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பாலைவனத்து வெயிலில் அது காய்ந்து வெடித்தால் புழுதியும் பனியும் உள்ளே இறங்கும், கண்ணாடி வேர்த்துப்போகும்.

“விடியகாலைல ஒண்ணுமே தெரியலக்கா. பனியன் துணிய வெச்சி தொடச்சிக்கினே கீறேன். தொடச்சிட்டுக் கண்ண வெச்சா மறுபடியும் வேர்க்குது” என்று லீவில் வந்தபோது சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. குறிபார்க்க வேண்டியவன் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எதிரில் இருப்பவன் சும்மா இருப்பானா?

புது வளையம் கப்பலில் வரவேண்டும். எப்போது வரும் என்று அவனுக்கும் தெரியாது, அவனுடைய அதிகாரிக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான், உள்ளூரில் செய்ய முடிந்தவர்கள் சாம்பிள் கொடுக்கலாம் என்று ராணுவத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எனக்கு சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ரப்பர் பட்டறை இருக்கிறது. ரப்பரைச் சூட்டில் வைத்து அச்சில் அழுத்துகிற ஒரு பிரஸ் மிஷின், அதை ஓட்ட ஏழுமலை அண்ணன், மேய்க்க நான். பம்ப் வாஷரும் குழாய் சீலும் அடித்து வயிற்றைக் கழுவுகிற இடம்தான். இருந்தாலும் விடுவேனா? ரப்பர் கலவையை மாற்றி மாற்றிப் போட்டு, கருகினதையும் வெடித்ததையும் குப்பையில் கொட்டி, கடைசியில் மூன்று நல்ல வளையங்கள் எடுத்தோம். அடையாற்றில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் அவற்றை ஒப்படைக்க அன்று மாலை ஐந்து மணிவரைதான் கெடு. அதைத் தவறவிட்டால் அடுத்த அறிவிப்பு வரும்வரை கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

இந்திரா நகர் நிலையத்தில் இறங்கி நடந்தேன். பத்து மணிக்கெல்லாம் கூடத்தின் வரவேற்பு மேஜையில் இருந்தேன், ஏழு மணி நேரம் முன்னாலேயே. என்ன பெருமை எனக்கு! சாம்பிள் வாங்குகிற அதிகாரி கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு பார்சலைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்னம்மா?”

எட்டிப் பார்த்தேன். மூன்று வளையங்களிலும் பளிச்சென்று சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒன்றில் ஒரு சாமந்தி இதழ்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம்தான் பட்டறையில் பூஜை போட்டோம். எல்லோரும் ஊருக்குப் போகவேண்டும் என்று லீவுக்கு முன்னாலேயே போட்டுவிடுவது எங்கள் தெரு வழக்கம். பிரஸ்ஸுக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, நான் கணக்கு எழுதுகிற நாற்காலிக்கும் பொட்டு. பொட்டு வைத்த கையோடு ஏழுமலை அண்ணன், ராணுவத்துக்குப் போகிற முதல் சரக்காயிற்றே என்று இதற்கும் வைத்து அழகாகப் பார்சல் கட்டியிருக்கிறார். நானும் பிரித்துப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“தொடச்சித் தந்துடறேன் மேடம்” என்று முந்தானையை எடுத்தேன்.

“ஐயோ, தொடாதீங்க! இதை எடை போட்டு, எண்ணெய்ல ஊறவெச்சு, மறுபடி எடை பார்க்கணும். ரப்பர் சந்தனத்தைக் குடிச்சிருந்தா கணக்கே தப்பாயிடும். துடைச்சாலும் நான் வாங்க முடியாது. அஞ்சு மணிக்குள்ள வேற கொண்டு வாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது, திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

வெளியே வந்து ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரே இரைச்சல். குடும்பத்தோடு தி. நகரில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். “அங்கயே நில்லுங்க, நகராதீங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். முந்நூறு கேட்டார் டிரைவர், இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் சைதாப்பேட்டைப் பக்கம் சாலையோரம் முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும் பொரி மூட்டையும் பரப்பியிருந்தார்கள், பாதி ரோடு காணோம்.

“இன்னா மேடம், பர்ச்சேஸா?” என்றார் டிரைவர்.

“இல்லப்பா. ஒரு ஆளத் தூக்கணும்.”

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு கண்ணை ரோட்டைவிட்டு எடுக்கவில்லை.

பதினொன்றரைக்கு ரங்கநாதன் தெரு. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அந்தத் தெருவில் நாம் நடக்கவேண்டியதில்லை, பின்னால் வருகிறவர்களே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். ஒரு பாத்திரக்கடை வாசலில் ஏழுமலை அண்ணன் நான்கு பைகளோடு நின்றிருந்தார். மனைவியும் மகளும் உள்ளே இருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். மனுஷன் முகம் செத்துப்போயிற்று. “நல்லதுக்குத்தானேம்மா வெச்சேன். தம்பிக்குப் போற பொருளாச்சே” என்றார். ஆட்டோவில் வரும்போது அவரைத் திட்டுவதற்கு எவ்வளவு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? அத்தனையும் காற்றோடு போயிற்று.

“சரிண்ணே, போனது போவட்டும். கலவை மிச்சம் கீது. இப்ப போய் மூணு அடிச்சிடலாம், வாங்க.”

“மிஷினையா?” அவர் ஓர் அடி பின்னால் போனார். “பூஜை போட்ட மிஷினம்மா. மால போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சிட்டு வந்துகீறோம். விஜயதசமி வரிக்கும் கை வெக்கக் கூடாது. இத்தினி வருசத்துல ஒரு தபா வெச்சிக்கீறனா?”

“அஞ்சு மணிக்குக் கெடுண்ணே!”

“நீ இன்னா சொன்னாலும் செய்வேன். இது மட்டும் கேக்காத. மிஷின்ல கை மாட்டி வெரலு போனவங்களப் பாத்துக்கீறேன் நானு.”

அவர் சொன்னதில் ஒரு பயம் இருந்தது, அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நானே ஓட்டிவிடலாம் என்றால், அவர் கை இல்லாமல் அந்த மிஷின் எனக்கு மூன்று அப்பளம்தான் சுட்டுத் தரும். வேறு வழி தெரியாமல் செந்திலுக்குப் போன் போட்டேன். எப்போதும் எடுக்காதவன், அன்றைக்கு எடுத்தான். விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். அந்த இரைச்சலில் அதுவும் போதாமல் ஏழுமலை அண்ணன் போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அண்ணே, நாங்களும் பூஜை போட்டுட்டோம்ணே. டேங்குக்கு மால, சந்தனம், சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம், எல்லாம் ஆச்சி” என்றான் தம்பி.

“அப்பறம் எப்ப எடுப்பீங்க நைனா?”

“இன்னிக்கி ராத்திரியே கெளம்பறோம்ணே. கூப்ட்டா போவணும். பூஜை போட்டுக்கீறோம், விஜயதசமிக்கு வரோம்னு சொல்ல முடியுமா?”

“கண்ணாடி?”

“வேர்த்துக்கினுதான் கீது.”

ஏழுமலை அண்ணன் போனை என்னிடம் கொடுத்தார். பிறகு கடைக்குள் போய்ப் பைகளை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். “ஒரு தேங்கா வாங்கிக்கம்மா. சூடமும் வாங்கிக்க” என்றார்.

அண்ணா சாலை வழியாக இன்னோர் ஆட்டோ, அதற்கு இருநூறு. பேரம் பேச எனக்குப் பொறுமையில்லை. ஒரு மணிக்கு முன்னால் பட்டறை ஷட்டரைத் தூக்கினோம். சாத்தியிருந்த கடைக்குள் பூவும் ஊதுபத்தியும் மணந்தன. அண்ணன் கால் கழுவிவிட்டு வந்து மிஷின் முன்னால் சூடம் ஏற்றினார், தேங்காயை உடைத்தார். “தாயே, எங்களுக்கு இன்னிக்கே விஜயதசமி. புள்ளைங்க கெளம்பறாங்க, மன்னிச்சிக்க” என்று சத்தமாகச் சொல்லி, மாலையைத் தானே கழற்றினார். எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் கும்பிட்டேன். பிறகு பிரஸ்ஸில் இருந்த சந்தனத்தை இரண்டு பேருமாகத் தேய்த்துக் கழுவினோம்.

மிஷின் சூடேறவே ஒரு மணி நேரம். முதல் வளையம் ஓரத்தில் காற்றுக்குமிழ் வந்து வீணாயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. “நீ அத்தப் பாக்காத. பாத்தா வேகமா ஓடும்” என்றார். அடுத்த மூன்றும் கண்ணாடி மாதிரி வந்தன. கையுறை போட்டு ஓரம் வெட்டி, புது பாலிதீன் பையில் போட்டு, இம்முறை நானே கட்டினேன். அண்ணன் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார், பழக்கதோஷத்தில் பொட்டு வைத்துவிடுவாராம்!

நாலு மணிக்குச் சிந்தாதிரிப்பேட்டை நிலையம். மேடையில் பாதி சென்னை நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கொரு வாழைக்கன்று, கையில் குங்குமப் பொட்டலம். எனக்கா, சந்தனத்தைப் பார்த்தாலே உதறல். பார்சலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். திருவல்லிக்கேணியில் ஏறின ஓர் ஆன்ட்டி, கோயில் பிரசாதம் என்று எல்லோர் நெற்றியிலும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். “எனக்கு வைங்க ஆன்ட்டி, இதுக்கு வேணாம்” என்று பார்சலைத் திருப்பிக்கொண்டேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். டேங்க் சாமான் என்றேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலங்கரை விளக்கம் தாண்டி ரயில் சும்மா பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை, திட்டாத ரயில்வேயும் இல்லை.

இந்திரா நகரில் இறங்கி ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற என்னை அடையாறே பார்த்தது, பார்க்கட்டும். கூடத்து வாசலில் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. உள்ளே யாரையும் காணோம், எங்கேயோ மணிச்சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் வந்த பக்கம் போனேன்.

பரிசோதனை மிஷின்கள் அத்தனைக்கும் மாலை. எடை பார்க்கிற தராசுக்குச் சந்தனம். ரப்பரை இழுத்துப் பார்க்கிற மிஷினுக்கு வாழையிலையில் பொரி, சுண்டல். காலையில் என்னைத் திருப்பி அனுப்பிய அதே அம்மாள், ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கடைசி மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐந்து விரல்களிலும் சந்தனம், குங்குமம்.

“மேடம்!” என்று கத்தினேன். திரும்பியவர் என்னைப் பார்த்தார், பார்சலைப் பார்த்தார், கடைசியில் தன் கையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

“குடுங்க” என்று கையை நீட்டினார்.

பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டேன். “மொதல்ல கை கழுவிட்டு வாங்க மேடம்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஆனால் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கையுறை மாட்டிக்கொண்டுதான் வந்தார். ஒவ்வொரு வளையத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை வைத்து உள்ளே வாங்கிக்கொண்டார். பரிசோதனை எப்போது என்று கேட்டேன். “பூஜை போட்டாச்சே, இனி விஜயதசமி கழிச்சுத்தான் மிஷினைத் தொடுவோம்” என்றார். கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றேன். காலையிலிருந்து தின்ற முதல் வாய் அதுதான்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கீழே அடையாறு ஆறு. காலையில் திரும்பி வந்த மூன்று பொட்டு வளையங்களும் பையில் இருந்தன, சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கப்பலில் வருகிற வளையம் எத்தனை கடல் தாண்டி வருகிறதோ எனக்குத் தெரியாது. எங்களுடையது கூவத்திலிருந்து அடையாறு வருவதற்குள்ளேயே எனக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வளையம் தேறுமா தேறாதா என்று எனக்கு நிச்சயமில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மந்தைவெளி வருவதற்குள் போன் வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம்.

“குடுத்துட்டியாக்கா?”

“குடுத்துட்டேன்டா.”

“பாஸ் ஆவுமா?”

“ஆவலன்னா மறுபடியும் அடிப்பேன். அதுலயும் ஆவலன்னா அதுக்கப்பறமும் அடிப்பேன். அது வரிக்கும் நீ தொடச்சிக்கினே இரு. கண்ண மட்டும் எடுக்காத.”