மீனுக்குத் தாகம்

அந்தத் தண்ணீருக்கு ஒரு வாடை உண்டு. கடலின் உப்பு வாடையும் இல்லை, குளத்துப் பாசி வாடையும் இல்லை. வெயிலில் காய்ந்த சேற்றை யாரோ அப்போதுதான் நனைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு வாடை. எழுபதுகளின் கடைசியில், கோச்சடையில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை மூலையில், குடிதண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியிலிருந்து அது வந்தது. அம்மா அதற்குக் 'கவிச்சி' என்று ஒரே பெயர்தான் வைத்திருந்தாள். முட்டை ஓடுகூடப் படியேறாத சைவ வீடு எங்களுடையது.

தொடங்கிவைத்தவர் அப்பா. அரசு அலுவலகத்தில் கணக்கர். அவ்வப்போது ராமநாதபுரம் பக்கம் 'கேம்ப்' போவார். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, அரைப்பரீட்சை விடுமுறையில் என்னையும் கூட்டிப்போய், ஆற்றங்கரை என்றே பெயருள்ள ஊரில் வைகை கடலைத் தொடும் இடத்தைக் காட்டினார். மதுரையில் பாதிப்பேர் வைகை கடலுக்குப் போவதே இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். என் அண்ணனும் அந்தக் கட்சிதான். ஆனால் அங்கே, உமிரிச் செடிகள் சிவந்து கிடந்த சேற்றுக்கரையில் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். கடலின் உப்பில் பாதிதான் இருந்தது. கால் வைத்தால் ஜில்லென்றிருந்த அந்தத் தண்ணீரில் மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. சேற்றோடு சேறாக உளுவை மீன்கள் ஒட்டிக்கிடந்தன. இதை அப்படியே ஒரு தொட்டிக்குள் கொண்டுவந்து, மாசியில் நடக்கும் பள்ளிக் கண்காட்சியில் 'வைகை கடலில் கலக்கும் இடம்' என்று அட்டை எழுதி மாட்டிவிட வேண்டும் என்று அங்கேயே எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

பிடித்ததெல்லாம் நடந்துவிடுமா? வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தடங்கல்தான். ஊருக்குள் வண்ணமீன் விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "கடல்தண்ணி மீனா? அதெல்லாம் மெட்ராஸ்ல பாப்பா. தங்கமீன் ரெண்டு வாங்கிட்டுப் போ, செவனேன்னு கெடக்கும்" என்றார். இரும்புச் சட்டம் போட்ட தொட்டிதான் அவரிடம் இருந்தது. உப்புத் தண்ணீரில் அது துருப்பிடிக்கும் என்று அப்பா பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்ந்தால், கண்ணாடி ஓரத்தில் பூசியிருந்த பட்டி மக்கு வெடித்து ஒழுகியது. பட்டியை அடைத்தால் கண்ணாடியில் கீறல். அடுத்த கேம்ப்பில் அப்பா மெனக்கெட்டு முகத்துவாரத்துத் தண்ணீரைச் சுமந்து வந்தார். வந்த தகரடப்பாவில் அதற்குமுன் கடலை எண்ணெய் இருந்திருக்கிறது. மேலே மினுமினுவென்று ஏடு மிதந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவையும் வாசலில் கொட்டினோம்.

தண்ணீரின் உப்பை அளக்கவும் ஒரு கருவி செய்திருந்தேன். ஊசிமருந்துக் குப்பியில் மணலைப் போட்டு மூடி மிதக்கவிட்டால், நல்ல தண்ணீரில் ஆழமாகவும் உப்புத் தண்ணீரில் மேலேறியும் நிற்கும். முகத்துவாரத் தண்ணீரில் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. இதைவிடப் பெரிய தலைவலி வெயில். மார்கழியில் பார்த்த குளிர்ந்த தண்ணீரை மாசியில் மதுரைக்குள் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் மண்பானைகள் உட்கார்ந்திருந்த மணல்மேடைதான். அங்கே ஈரச் சாக்கைச் சுற்றித் தொட்டியை வைக்கலாம் என்றேன்.

"குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்துல மீனாடி? வெளங்கும்" என்றாள் அம்மா. அப்பா எம்புட்டோ கெஞ்சிய பிறகு, கண்காட்சி முடிகிற வரைக்கும் என்று இரண்டு பானைகளைத் தள்ளிவைத்தாள்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் அப்பாவுக்கு மறுபடி கேம்ப் வந்தது. "இதுதான் கடைசி, பாப்பா. இனிமே மார்ச்சு முடியிற வரைக்கும் நகர முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனவர், இந்த முறை சுத்தமான கேனில் தண்ணீரும், ஒரு தூக்குவாளி நிறைய மடவைக் குஞ்சுகளும், ஈரச் சேற்றோடு இரண்டு உளுவைகளுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். குப்பி சிவப்புக் கோட்டிலேயே நின்றது. அண்ணன்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தான். அந்த இரவு நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சாக்கு காய்ந்து விறைத்திருந்தது. தொட்டி தெளிந்து, தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. மடவைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. குப்பி கழுத்துவரை முங்கிக் கிடந்தது.

"யாரும்மா தண்ணி மாத்துனது?"

"நான்தான். மத்தியானம் பாத்தா அம்புட்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுக. தாகம்னா வேற எப்பிடிடி இருக்கும்?"

"மீனுக்கு எப்பிடிம்மா தாகம் எடுக்கும்? தண்ணிக்குள்ளதான இருக்கு?"

"உப்புத் தண்ணிய எம்புட்டுக் குடிச்சாலும் தாகம் அடங்குமா? பாவமா இருந்துச்சு. பாதிய எறச்சிட்டு, நல்ல தண்ணி ரெண்டு கொடம் ஊத்துனேன்."

வெயிலில் தண்ணீர் சூடேறி, மூச்சுக்குக் காற்றுப் போதாமல் அவை மேலே வந்திருக்க வேண்டும். சாக்கை நனைத்திருந்தாலே போதும். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது அப்பா அலுவலகத்திலிருந்து வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இருங்க, பக்கத்து வீட்டுல ஒரு செம்பு வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பினாள். அந்த வருஷம் தெருக்குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அன்று வராத நாள். விடிவதற்கு முன்னால் எழுந்து, வரிசையில் நின்று, சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரைத்தான் கவிச்சி என்று முகம்சுளித்த மீன்களுக்கு ஊற்றியிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இப்படிப்பட்டவளிடம் என்னவென்று சண்டை போடுவது?

"கொழாத்தண்ணியும் வைகைத் தண்ணிதான. கடல்ல கலந்துருச்சுல்ல, நீதான் ஜெயிச்ச" என்றான் அண்ணன். சமாதானமா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உளுவைகளும் மறுநாள் காலையில் செத்துப்போய்விட்டன. கண்காட்சியில் அட்டையும் சேறும் தண்ணீரும் மட்டும் வைத்தேன், வந்தவர்களெல்லாம் "மீன் எங்க?" என்றுதான் கேட்டார்கள். தண்ணீரை வீணாக்க மனம் வராமல் அம்மா அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். அதுவும் பட்டுப்போனது.

கடல் மீன்கள் ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் இருக்கும், உப்பு அவற்றின் உடம்பு நீரை இழுத்துவிடும் என்று கல்லூரியில் படித்தேன். ஆக, அம்மா சொன்னது பாதி சரி. அது தெரிந்தபோது, அவள்மேல் முழுசாகத் தப்புச் சொல்லவும் வழியில்லாமல், என் எரிச்சல் இன்னும் கூடியது.

இப்போது கோச்சடையில் அந்த வீடு இல்லை. ஆற்றில் மணலும் இல்லை, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தெருக்குழாயின் இடத்தில் தண்ணீர் கேன் வந்து இறங்குகிறது. மீன்தொட்டிக்கென்றே கடலுப்பு பாக்கெட்டில் கிடைக்கிறது, உப்பை அளக்கக் கருவி கிடைக்கிறது, தொட்டியைக் குளிரவைக்க மின்சாரப் பெட்டிகூடக் கிடைக்கிறது. ஒரே வாரத்தில் அமைத்துவிடலாம் என்று பலமுறை திட்டம் போட்டு அப்படியே விட்டிருக்கிறேன். இப்போது அமைத்தால் அது பத்திரமாக இருக்கும். மீன்கள் எத்தனை முறை வாயைத் திறந்து மூடினாலும், தாகம் என்று நினைத்துத் தன் குடிதண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறவள் இந்த வீட்டில் இல்லை.