எடுக்கச் சொன்ன பட்டன்

"அந்தப் பட்டனை எடுத்துடுங்க" என்றார் மேலாளர். வீடியோ அழைப்பில் அவர் பெங்களூரில் இருந்தார், நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் அமரவிளையில் எங்கள் கம்பெனிக் கிடங்கின் ஆபீஸ் அறையில் இருந்தேன்.

ஊழியர்கள் எல்லோரும் ஷிப்ட், லீவு, அறிவிப்பு பார்க்க ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தேன். ஊழியரின் வீட்டு முகவரியில் கேரளம் என்றிருந்தால் மலையாளம், தமிழ்நாடு என்றால் தமிழ், கர்நாடகம் என்றால் கன்னடம் தானாக வரவேண்டும். அது அவர் விதி. மொழியை மாற்றிக்கொள்ள ஒரு பட்டனும் நானாக வைத்திருந்தேன்.

"கேரளாக்காரங்களுக்கு எதுக்குத் தமிழ்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இங்கே பெட்டி கட்டும் அக்கா சூப்பர்வைசரிடம் நாள் முழுக்க மலையாளத்தில்தான் சண்டை போடுவார். மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினாலோ என்னைக் கூப்பிடுவார். "பேசச் சொன்னா பேசுவேன் மக்கா, வாசிக்கணும்னா எனக்குத் தமிழாக்கும்." நானே பக்கத்து ஊர் பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"அது வேணும் சார்" என்றேன்.

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தேன். "இப்ப உங்க பேர்ல திறந்து பாருங்க சார்."

அவர் சென்னைக்காரர், வீடு மட்டும் பெங்களூரில். பக்கம் முழுவதும் கன்னடத்தில் வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தேடினார்.

"இதைத் தமிழுக்கு எப்படிம்மா மாத்துறது?"

"நீங்க கர்நாடகாக்காரராக்கும் சார்" என்றேன். "உங்களுக்கு எதுக்குத் தமிழ்?"