மிஞ்சிய சொல்

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா? அதுவும் நாலு பேர் முன்னால் வாயில் வரக்கூடாத சொல்லாக இருந்தால்?

மின்சார அலுவலகத்தில் புகார் போனை எடுக்கும் வேலை அவளுக்கு. தெருவில் அவள் பெயர் கரண்ட் அக்கா. மழை பிடித்தால் போன் ஓயாது. இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் கோபமெல்லாம் அவள் காதில்தான் வந்து விழும். அவள் பிறப்பு, அவள் வாங்கும் சம்பளம், எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதிவு பண்ணிக்கிட்டேன் சார், லைன்மேன் கிளம்பிட்டாரு" என்பாள். லைன்மேன் அவள் எதிரில் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

"இப்படிப் பொய் சொல்றதுக்கு ரெண்டு திட்டு திட்டிடலாம்க்கா" என்பான். அவனுக்குக் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியமும் முடியாது. "வாயக் கொப்பளிச்சிட்டு உள்ள வாடா" என்று அவனை வாசலிலேயே நிறுத்திவைப்பாள்.

அவள் கணவர் பள்ளியில் மொழி ஆசிரியர். சொல்லுக்குப் பஞ்சம் வந்தவன்தான் திட்டுவான் என்பது அவர் கட்சி. வீட்டில் அதற்கு எதிர்க்கட்சி கிடையாது.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்தபோது கணவர் குனிந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்து சொன்னாள்: "மயிரு."

அவளே திடுக்கிட்டு இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு மறுபடி முயன்றாள். அதே சொல்தான் வந்தது.

"அவங்க திட்டல சார்" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். "மத்த பேச்செல்லாம் போனாலும் சில பேருக்குப் பாட்டும் திட்டும் மட்டும் தங்கிடும். இவங்களுக்குக் கைக்குக் கெடச்சது இதுதான்."

"அவ ஒரு நாள்கூட அதச் சொன்னதில்லையேம்மா."

"கேட்டிருக்காங்கல்ல?"

வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அவர் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார். கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. விடுப்பு முடிவதற்குள் பேச்சு திரும்பினால் பழைய நாற்காலி உண்டு, இல்லையென்றால் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவோம் என்றது அலுவலகம். "போதும், இனிமே வீட்ல நிம்மதியா இரு" என்றார் கணவர். அவள் தன் ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னாள். அதற்கு அவர் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

லைன்மேன் ஒருநாள் பழப் பையோடு வந்தான். "தூங்குறா" என்று கணவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தச் சொல் வந்தது.

"தூக்கத்துல நல்லாத்தான் பேசுறாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தான். "எப்படிக்கா இருக்கே?"

"மயிரு."

"அதான் தெரியுதே. சாப்பாடெல்லாம்?"

"மயிரு."

"சார் சமையலா? உப்பு இல்லியாம் சார்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அப்ப உப்பு ஜாஸ்தியாம்."

அவள் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டி, விரலை அவன் பக்கம் நீட்டினாள். அவன் எழுந்து பார்த்தான். அவளுடைய மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தான். முதலில் சிரித்தது கணவர். அவளும் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலும் அதே சொல்தான் வந்தது. அன்று சாயங்காலம் அவர் ஜன்னலைத் திறந்துவைத்தார்.

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'வா' வந்தது, 'போதும்' வந்தது. அலுவலகத்துக்கு வேண்டிய வாக்கியம்தான் பாதியில் நின்றது. கணவர் பக்கத்து அறையில் நின்றுகொண்டு போன் செய்பவராக நடித்தார்.

"அம்மா, எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது வரும்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். அப்படி யாரும் கேட்பதில்லை. மறுபடி முயன்றார். "அறிவற்றவளே, எப்போது வரும்?" அவள் சிரித்ததில் பயிற்சியே கெட்டது.

"சார், உங்களுக்கு வார்த்தையே இல்ல" என்றான் லைன்மேன். அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தான். அவர் முகம் சிவக்கத் திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் சொல்லாததையெல்லாம் மனைவியிடம் சொன்னார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பதிவு பண்ணிக்கிட்டேன் சார். லைன்மேன் கிளம்பிட்டாரு."

ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டு எதற்கும் உதவாது என்று அதற்குப் பிறகு அவர் பேசியதாகத் தெரியவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை.

விடுப்பு முடியும் வாரத்தில் அதே வாக்கியத்தை அலுவலகப் பொறியாளர் முன் சொல்லிக்காட்டி நாற்காலியைத் திரும்ப வாங்கினாள். முதல் நாளே மழை. நாலாவதோ ஐந்தாவதோ பேசியவன் அவளுடைய சொல்லாலேயே அவளைத் திட்டினான். ரிசீவரைத் தாண்டி அது வெளியே கேட்டது. லைன்மேன் டீ கிளாசைக் கீழே வைத்தான். அவள் புகார் நோட்டை இழுத்து எழுதினாள். பிறகு, "பதிவு பண்ணிக்கிட்டேன் சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கேட்டார்: "இன்னிக்கு எப்படிப் போச்சு?"

இப்போது அவளிடம் எல்லாச் சொற்களும் இருந்தன. மழையைப் பற்றியும் திட்டியவனைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்லியிருக்கலாம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "மயிரு" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளும் அதே கேள்விக்கு அதே பதில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அது மாறவில்லை. வேறு யாரிடமும், வேறு எதற்கும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "எனக்கும் ஒருதடவ சொல்லேன்க்கா" என்று லைன்மேன் கேட்டுப் பார்த்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னாள்.

அது ஏன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. சாயங்காலமானால் ஜன்னலைத் திறந்துவைத்து, அவள் வந்ததும் "எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேட்பார்.